புயல் கடந்த ஊரில் சேதத்தையும் தேவையையும் கணக்கெடுக்கும் முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு திண்டுக்கல் மாவட்டத்து மலைகள் வரை சென்றது. அடுத்த சில நாட்களில் தமிழகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் நிவாரண வண்டிகள் கிளம்பின. அனுப்பியவர்களின் அக்கறையில் குறை ஏதும் இல்லை. ஆனால், பல வண்டிகள் பெரிய சாலையை ஒட்டிய ஊர்களிலேயே காலியாகிவிட்டன. சாலையோரத் தெரு ஒன்றில் ஒரே நாளில் நான்கைந்து முறை ரொட்டியும் பிஸ்கட்டும் கிடைத்தபோது, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே மரங்கள் விழுந்து வழி அடைபட்ட குடியிருப்பில் குடிநீர் கொண்டுவரக்கூட ஆளில்லை. அந்த நாட்களில் கணக்கெடுக்கும் பணியில் இருந்த எனக்கு, நிவாரணம் போய்ச் சேருவதும் சேராமல் போவதும் பெரும்பாலும் ஒரு தாளில்தான் முடிவாகின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. தாளில் பெயர் உள்ளவரைத் தேடிப் பொருள் வருகிறது. பெயர் இல்லாதவர் கேட்டுக்கேட்டுக் களைத்துப்போகிறார்.

அந்தத் தாளை ஒழுங்காக எழுதுவது எப்படி என்பதை ஊர் இளைஞர்கள், மகளிர் குழுவினர், வார்டு உறுப்பினர்கள், வெளியூரிலிருந்து உதவ வரும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இங்கே விளக்குகிறேன். அரசின் கணக்கெடுப்புக்கு இது மாற்று ஆகாது. கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் கணக்கில் விடுபடுபவர்களை எழுத்தில் கொண்டுவந்து அவர் முன் வைப்பதற்கான வழி இது.

தொடங்குமுன் ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வழக்கமான சேதக் கணக்கு உடைமையை எண்ணுகிறது: எத்தனை வீடு, எத்தனை படகு, எத்தனை ஏக்கர், எத்தனை மாடு. உடைமை இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பிறர் படகில் பங்குக்குப் போகிறவர், பிறர் தோப்பில் கீற்று முடைகிறவர், வாய்மொழிக் குத்தகையில் நெல் போட்டவர், ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை கட்டியவர் ஆகிய எல்லோரும் புயலில் இழந்தது பிழைப்பை. ஆகவே ஒவ்வொரு குடும்பத்திடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்: எதை இழந்தீர்கள்? பழைய வருமானம் திரும்ப எவ்வளவு காலம் ஆகும்? இரண்டாவது கேள்விக்கான விடை எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. ஃபைபர் படகின் ஓட்டையை அடைத்துச் சில வாரங்களில் கடலுக்குப் போய்விடலாம். வாழை மறுபடி தார் தள்ளி வெட்டுக்கு வர ஏறத்தாழ ஓர் ஆண்டாகும். நெட்டை ரகத் தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டவும் அவ்வளவு காலம் பிடிக்கும். இந்தக் கால அளவுதான் தேவைப் பட்டியலின் உயிர்நாடி.

முதல் மூன்று நாட்கள்

முதல் மூன்று நாட்களில் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகாதீர்கள். பசித்திருப்பவரிடம் பட்டா எண் கேட்பது பண்பும் அன்று, பயனும் தராது. அந்த நாட்களில் ஊருக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். உயிரிழந்தவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் யார் யார்; சாலை எந்த இடம் வரை திறந்திருக்கிறது; குடிநீர் எங்கிருந்து வருகிறது; எத்தனை பேர் முகாமில், எத்தனை பேர் இடிந்த வீட்டிலேயே இருக்கிறார்கள்; கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள தாய்மார், படுக்கையில் இருப்போர், அன்றாடம் மருந்து உட்கொள்வோர், சிறுநீரகக் கோளாறுக்காக இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போக வேண்டியோர் எத்தனை பேர் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தை அன்றன்றே வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கும், மாநில அளவில் 1070 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்திருந்தால் இருசக்கர வண்டியில் ஒருவரை நேரில் அனுப்புங்கள். கஜாவுக்குப் பின் பல ஊர்களில் அப்படித்தான் செய்தி வெளியே சென்றது.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு நாங்கள் கைக்கொண்ட விதி எளியது: தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுகிற பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிட்டால், ஊரின் கடைசித் தெருவும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள குடியிருப்பும், கோவில் திடலில் கூடாரம் போட்டிருக்கும் குடும்பங்களும் கணக்கில் வரமாட்டா. ஆதிதிராவிடர் தெருவுக்கும் பழங்குடிக் குடியிருப்புக்கும் முதலில் சென்று, அங்கிருந்து ஊர் நடுவுக்கு வாருங்கள். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். மாதவிடாய்த் துணி, மறைப்புள்ள கழிப்பிடம், முகாமில் இரவு நேரப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி ஆண்களிடம் பெண்கள் சொல்லமாட்டார்கள்.

விழுந்த மரத்தடியிலும் இடிந்த சுவர்ச் சந்திலும் பாம்பு இருக்கும். அறுந்து கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கணக்கெடுப்போர் கனத்த காலணியும் கைவிளக்கும் இல்லாமல் இறங்கக் கூடாது.

குடும்பத் தாள்

நான்காம் நாள் முதல் குடும்பத்துக்கு ஒரு தாள் எழுதத் தொடங்கலாம். குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, வயது, குடும்ப அட்டை உள்ளதா, வங்கிக் கணக்கு உள்ளதா, ஆவணங்கள் நனைந்தனவா அல்லது தொலைந்தனவா என்பவை தொடக்க வரிகள். கணவனை இழந்தோ பிரிந்தோ தனித்து வாழும் பெண்ணைத் தனிக் குடும்பமாக எழுதுங்கள். தந்தையின் அட்டையிலேயே பெயர் நீடிக்கும் திருமணமான மகனின் குடும்பத்தையும் அப்படியே எழுதுங்கள். அட்டைக்கு ஒரு பொட்டலம் என்று வழங்கும்போது முதலில் விடுபடுபவர்கள் இவர்கள்தாம்.

வீட்டைப் பற்றி எழுதும்போது ‘சேதம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். குடிசையா, ஓட்டு வீடா, கான்கிரீட் தொகுப்பு வீடா. கூரை மட்டும் பறந்ததா, சுவர் விழுந்ததா, அடித்தளம் பெயர்ந்ததா. இன்றிரவு அதில் படுக்க முடியுமா என்று பிரித்து எழுத வேண்டும். முழுச் சேதத்துக்கும் பகுதிச் சேதத்துக்கும் உதவித்தொகையில் பெரிய இடைவெளி உண்டு. கஜாவின்போது முழுவதும் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், பகுதி சேதமடைந்ததற்கு 4,100 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஒரு சொல் மாறினால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. சுவர் நிற்கிறதே என்று பகுதிச் சேதமாக எழுதப்பட்ட மண்வீடுகள் பல அடுத்த மழையில் கரைந்து விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். மண்சுவர் ஊறியிருந்தால் அதையும் தாளில் குறிப்பிடுங்கள்.

படம் எடுக்கும்போது வீட்டின் முன் அதன் உரிமையாளரை நிறுத்தி, கதவு எண்ணோ அருகிலுள்ள அடையாளமோ தெரியும்படி எடுங்கள். தேதியும் இடமும் படத்தில் பதியும்படி கைபேசியை அமைத்துக்கொள்ளலாம். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரவே கூடாது. புயலை அடுத்து மோசடி அழைப்புகள் வந்தால் மக்கள் இரண்டாம் முறை இழக்க நேரும். பொருளைக் கையில் கொடுக்கும்போது முகத்தைப் படம் எடுப்பதும் வேண்டாம்.

கடற்கரை ஊர்களில்

மீனவர் ஊரில் முதல் கேள்வி கடலில் யார் இருக்கிறார்கள் என்பதே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவெடுத்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தனர். கரைக்கு விடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஊரில் இருந்த பட்டியலும் அரசிடம் இருந்த பட்டியலும் ஒத்துப்போகாமல் பல நாட்கள் கழிந்தன. இத்தகைய நிலையில் படகுவாரியாகப் பட்டியல் எழுத வேண்டும்: படகின் பெயர், பதிவு எண், நிறம், கிளம்பிய துறைமுகம், கிளம்பிய நாள், கடைசியாகப் பேசிய நேரம், அப்போது இருந்ததாகச் சொன்ன இடம், படகில் இருந்தவர்களின் பெயர்கள். வெளிமாவட்டத்திலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து வேலைசெய்யும் தொழிலாளர்களின் பெயர்கள் ஊர்ப் பட்டியலில் விடுபடுவது வழக்கம். படகு உரிமையாளரிடம் கேட்டு, அவர்கள் வீட்டு முகவரியோடு எழுதிக்கொள்ளுங்கள். கடலில் தேடுதலுக்குக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழைக்க வேண்டும். காவல் நிலையத்தில் காணாமற்போனதாக வழக்குப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் குடும்பத்திடம் கொடுத்து வைப்பது மிக அவசியம். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுச் சட்டம். ஒக்கியின்போது அந்தக் காத்திருப்பைத் தளர்த்திக் காணாமற்போன மீனவர் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. அத்தகைய தளர்வு வரும்போது கையில் இருக்க வேண்டியது முதல் வாரத்திலேயே பதிவான ஆவணம்தான்.

படகுகளைப் பொறுத்தவரை, கட்டுமரம், வள்ளம், ஃபைபர் படகு, விசைப்படகு என்று வகை பிரித்து, உடல், எஞ்சின், வலை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றுக்கும் உதவித்தொகை வேறு, பழுது பார்க்கும் காலமும் வேறு. எஞ்சின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புநீரில் மூழ்கிய வெளிப்பொருத்து எஞ்சினை உடனே நன்னீரில் கழுவி, எண்ணெய் மாற்றி இயக்கிப் பார்த்தால் காப்பாற்றலாம். ஒரு வாரம் கிடந்தால் துருவேறி வீணாகும். ஆகவே, முதல் நாட்களில் கடற்கரைக்கு அனுப்பத்தக்கவர்களில் எஞ்சின் மெக்கானிக் ஒருவர் முக்கியமானவர். அரிசி மூட்டை வேறு யாராவது கொண்டுவருவார்கள். மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை.

படகு உரிமையாளர் ஒருவர் என்றால், அதில் பங்குக்குப் போகிறவர் நால்வர் இருக்கலாம். படகுக்கு உதவி வந்தாலும், அது பழுது பார்த்துக் கடலில் இறங்கும் வரை அந்த நால்வருக்கும் வருமானம் இல்லை. அவர்கள் பெயரைப் படகின் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்களையும், கருவாடு காயவைக்கும் பெண்களையும் தனித் தாளில் எழுதுங்கள். அவர்கள் இழந்தது ஐஸ் பெட்டி, தராசு, அலுமினியப் பாத்திரம், காய்ந்துகொண்டிருந்த கருவாடு, ஏலத்தில் மீன் எடுக்கக் கடனாக வாங்கிய பணம் ஆகியவை. எந்தப் படிவத்திலும் இவற்றுக்குக் கட்டம் இராது, நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

வேதாரண்யம் பகுதியின் புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் போன்ற ஊர்களில் கஜாவின்போது கடல்சேறு கரையேறிப் படிந்தது. இப்படிச் சேறோ மணலோ படிந்த இடங்களில் அளவுகோலைச் செங்குத்தாக நட்டு, ஆழம் தெரியும்படி படம் எடுங்கள். பேரிடர் நிதி விதிகளில், விளைநிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்த வண்டலை அகற்றுவதற்குத் தனி உதவி உண்டு. அகத்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் வேலை செய்வோரையும் மறக்க வேண்டாம். அம்பாரத்தில் இருந்த உப்பு கரைந்தால் முதலாளிக்கு இழப்பு. பாத்தியைச் சீர்செய்து அடுத்த பருவம் தொடங்கும்வரை தொழிலாளிக்கு வேலையே இல்லை.

கடற்கரைக் கிணறுகளில் உப்புநீர் புகுந்திருந்தால், பம்பு வைத்து ஒரே மூச்சில் இறைத்துக் காலிசெய்ய நினைப்பது தவறு. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறி வரும். கிணற்றின் சுவரும் சரியலாம். குப்பையை எடுத்து, சிறுகச் சிறுக இறைத்து, குளோரின் கலந்து, மழைநீர் இறங்கிச் சுவை மாறும்வரை அந்த நீரைக் குளிக்கவும் கழுவவும் மட்டும் பயன்படுத்தலாம். குடிநீருக்கு லாரியை ஏற்பாடு செய்யுங்கள்.

விவசாய ஊர்களில்

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் கஜாவுக்குப் பின் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. முப்பது ஆண்டு மரங்கள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. அந்த மரங்களை எண்ணுவதற்கும் முறை இருக்கிறது. மரத்தை அறுத்து அகற்றுமுன் எண்ண வேண்டும். அடிமரத்தில் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ வரிசை எண் எழுதி, ஒவ்வொரு வரிசையையும் படம் எடுக்க வேண்டும். வேரோடு சாய்ந்தவை, நடுவில் முறிந்தவை, கொண்டை திருகியவை, சாய்ந்தும் உயிரோடு இருப்பவை என நான்காகப் பிரியுங்கள். கொண்டை திருகிய மரம் அன்று பச்சையாகத் தெரிந்தாலும், குருத்து முறிந்திருந்தால் சில வாரங்களில் காய்ந்துவிடும். அதை நல்ல மரமாக எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். ஆகவே ஒரு மாதம் கழித்து இரண்டாம் எண்ணிக்கை எடுக்கப்படும் என்று முதல் தாளிலேயே குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவையுங்கள். சாய்ந்த இளங்கன்றுகளை நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பல பிழைத்துக்கொள்ளும்.

கஜாவுக்குப் பின் தமிழக அரசு தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாய். ஆனால், மரத்தை எண்ணி வழங்கும் தொகை மரத்துக்கு உடையவரையே சேரும். அந்தத் தோப்பை நம்பித் தேங்காய் வெட்டுகிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், கயிற்றுக் கூடத்தில் நார் பிரிக்கிறவர்கள், தேங்காய் லாரியில் சுமை ஏற்றுகிறவர்கள் ஆகியோர் புதுக் கன்று காய்க்கும்வரை, அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு மேல், எதைச் செய்து பிழைப்பார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. எனவே தோப்புத் தாளுக்குப் பின்னால் ‘இத்தோப்பில் வேலை செய்தோர்’ என்று ஒரு பட்டியலை இணையுங்கள். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூடுதல் நாட்கள் கேட்கவும், மாற்றுத் தொழில் பயிற்சியும் சிறு கடனும் கோரவும் அந்தப் பட்டியலே அடிப்படை ஆகும்.

விழுந்த மரங்களை விரைவில் அகற்ற வேண்டியதற்குப் பயிர்ப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். காயம்பட்டு நிற்கும் மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். தப்பித்த மரங்களையும் இவை கெடுத்துவிடும். அதனால் விவசாய ஊரின் முதல் மாதத் தேவைப் பட்டியலில் மரம் அறுக்கும் இயந்திரம், அதை ஓட்டத் தெரிந்த ஆள், டீசல், வெட்டிய தண்டை ஏற்றிப்போக லாரி ஆகியவை மேல்வரிசையில் இருக்க வேண்டும்.

நவம்பரில் டெல்டாவில் சம்பா நெல் பெரும்பாலும் தூர்கட்டும் நிலையில் இருக்கும். அங்கே காற்றைவிடத் தேங்கிய நீரே பெருங்கேடு. வடிகாலில் விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவது, அரிசி தருவதைவிட அந்த வாரத்தில் பெரிய உதவி. பயிர்ச் சேதம் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பேரிடர் நிதியிலிருந்து இடுபொருள் மானியம் கிடைக்கும். எனவே ‘பயிர் பாழ்’ என்று எழுதுவதில் பயனில்லை. வயலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒரு சதுர மீட்டர் அளந்து, நின்ற குத்து எத்தனை, அழுகிய குத்து எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். நீர் எத்தனை நாள் தேங்கியது என்பதையும் சேருங்கள். பயிர்க் காப்பீடு செய்திருந்தால், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் நனைந்தது போன்ற தனிவயல் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புயலுக்கு மறுநாளே ஊரில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது.

கடல்நீர் ஏறிய வயலில் மண் மாதிரி எடுத்துச் சோதிக்காமல் விதைக்கச் சொல்லாதீர்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசி சைமனுக்கு மேல் போனால் அது உவர்நிலம். நன்னீர் கட்டி வடித்து உப்பைக் கழுவி, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதபின் பயிரிடுவது நலம்.

குத்தகைதாரர் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். காவிரிப் படுகையில் கோவில் நிலமும் மடத்து நிலமும் பெருமளவு குத்தகைச் சாகுபடியில் உள்ளன; எழுத்து இல்லாத வாய்மொழிக் குத்தகையும் ஏராளம். நில உரிமையைக் காட்டும் சிட்டாவில் உரிமையாளர் பெயர் இருக்கும். சாகுபடி செய்தவர் பெயர் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ஏறியிருந்தால்தான் அவருக்கு உதவி கிட்டும். ஏறாதவர்களுக்கு, அவர் பயிரிட்டதற்குச் சான்றாக அண்டை வயல்காரர் இருவரின் கையெழுத்து, விதை, உரம் வாங்கிய ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் அட்டை, குத்தகை நெல் அளந்த சீட்டு ஆகியவற்றைத் திரட்டி மனுவுடன் இணையுங்கள். நில உரிமையாளர் வெளியூரில் இருந்தால் அவரோடு பேசி, ‘நிவாரணம் சாகுபடியாளருக்கே’ என்று ஒரு கடிதம் வாங்கிவிட முடியும். நாங்கள் கேட்டவர்களில் பலர் தந்தார்கள். கேட்காததால் இழந்த குடும்பங்களே மிகுதி.

கால்நடை இறந்திருந்தால், புதைக்குமுன் கால்நடை மருத்துவரின் சான்றும் படமும் தேவை. மருத்துவர் வருவதற்குள் அழுகிவிடும் நிலையில் ஊராட்சித் தலைவரையும் இரு சாட்சிகளையும் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கும் மாடுகளுக்கு வைக்கோல் நனைந்து போயிருக்கும். உலர்தீவனம் என்ற வரி பட்டியலில் இருக்கட்டும்.

பழங்குடிக் குடியிருப்புகளில்

பழங்குடியினர் என்றவுடன் மலையை மட்டும் நினைப்பது பிழை. கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டச் சமவெளியில் இருளர் குடும்பங்கள் ஏரிக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் வாழ்கின்றன. நீர் ஏறும்போது முதலில் மூழ்குவது அந்தக் குடிசைகளே. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும் இப்பகுதிகளைத்தான் தாக்கின. நாகை, திருவாரூர் பகுதிகளில் பூம்பூம் மாட்டுக்காரர் என்று அழைக்கப்படும் ஆதியன் மக்களும் நரிக்குறவர் மக்களும் உள்ளனர். குமரி மாவட்டத்தில் காணி மக்களின் குடியிருப்புகள் சில பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்து சேர வேண்டியவை. கொடைக்கானல் மலைச்சரிவுகளில் பளியர் வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே தாள் பொருந்தாது.

முதல் தடை ஆவணம். சாதிச் சான்று இல்லை, பட்டா இல்லை, சில குடும்பங்களுக்குக் குடும்ப அட்டையும் இல்லை. ‘ஆவணம் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். ‘இத்தனை ஆண்டுகளாக இங்கே வசிக்கிறார்’ என்று எழுதி, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றில் எதில் பெயர் இருந்தாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். புறம்போக்கில் குடிசை இருந்தது என்பதற்காக உண்ண உணவும் தங்க இடமும் மறுக்கப்படக் கூடாது என்று மனுவில் தெளிவாகவே எழுதலாம். பழைய இடம் மறுபடி மூழ்கும் இடம் என்றால், தார்ப்பாயோடு நிற்காமல் பாதுகாப்பான இடத்தில் மனைப்பட்டா என்ற கோரிக்கையை அதே மனுவில் சேர்க்க வேண்டும். அதிகாரிகள் அந்தக் குடியிருப்பைத் தேடி நேரில் வருவது பெரும்பாலும் புயலுக்குப் பிந்தைய சில வாரங்களில்தான்.

இரண்டாவது, பிழைப்பு. இருளர்கள் ஓடைகளிலும் கழிமுகத்திலும் மீனும் நண்டும் பிடிப்பார்கள். வயலில் எலி பிடிப்பார்கள். செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிப் போவார்கள். வெள்ளத்தில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். அப்போது சூளைத் தரகர்கள் முன்பணத்தோடு வந்து குடும்பத்தோடு அழைத்துச் செல்லும் ஆபத்து உண்டு. அது கொத்தடிமையில் முடியும். முதல் இரண்டு மாதங்களுக்கு அரிசியும் சிறு பணமும் அந்தக் குடியிருப்புக்குத் தவறாமல் கிடைத்தால் அந்த ஆபத்து குறையும் என்பதால், இதை வெறும் உணவு உதவியாக நான் கருதுவதில்லை. யார் யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியுள்ளார்கள் என்பதைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

மலையில் காணி மக்களும் பளியர்களும் வைத்திருக்கும் மிளகுக் கொடி, பாக்கு, வாழை, மரவள்ளி, ரப்பர் ஆகியவை பெரும்பாலும் பட்டா நிலத்தில் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தனிநபர் உரிமை பெற்றிருந்தால் அந்தச் சான்றின் நகலை இணையுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அதன் எண்ணையாவது எழுதுங்கள். விழுந்த மரத்தை அகற்றவும் வழியைத் திறக்கவும் வனத்துறையின் அனுமதி தேவைப்படும் என்பதால், வட்டாட்சியருக்குக் கொடுக்கும் மனுவின் படி ஒன்றை வனச்சரகருக்கும் கொடுக்க வேண்டும். தேன், கிழங்கு, நெல்லி என்று காட்டிலிருந்து எடுத்து வந்த பொருட்கள் எந்தப் பருவத்தில் எவ்வளவு கிடைத்து வந்தன என்பதை மூத்தவர்களிடம் கேட்டு எழுதினால், இழப்பின் உண்மையான அளவு தெரியும்.

சேதத்திலிருந்து தேவைக்கு

குடும்பத் தாள்கள் சேர்ந்ததும் ஊருக்கு ஒரு தேவைப் பட்டியல் எழுதுங்கள். அதை மூன்று காலங்களாகப் பிரிப்பது நல்லது: இந்த வாரம், மூன்று மாதம், அறுவடையோ காய்ப்போ திரும்பும்வரை. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை வேண்டும். ‘தார்ப்பாய் தேவை’ என்பது கோரிக்கை ஆகாது. ‘கூரை பறந்த 64 வீடுகளுக்கு, கயிற்றுடன் 64 தார்ப்பாய்’ என்று எழுதினால் கொடுப்பவருக்கு வழி தெரியும். முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்குமாக 15 லிட்டர் நீர், தலைக்கு மூன்றரைச் சதுர மீட்டர் கூரையடி இடம், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை ஆகியவை உலகளாவிய நிவாரணப் பணிகளில் பின்பற்றப்படும் குறைந்த அளவுகள். இவற்றோடு ஒப்பிட்டு, முகாமில் இருப்பது எவ்வளவு, குறைவது எவ்வளவு என்று எழுதிவிடலாம். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற்ற ஒரு ஜெனரேட்டர் இருந்த ஊர் தப்பித்தது. பட்டியலில் அதற்கு இடம் கொடுங்கள்.

வேண்டாதவற்றையும் எழுதிவிடுங்கள். பழைய துணி வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னால் யாரும் வருந்தமாட்டார்கள்; சொல்லாவிட்டால் சாலையோரத்தில் துணிமலை குவிந்து மழையில் நனைந்து நாறும். கொசுவலை, பாய், போர்வை, மாதவிடாய் நாப்கின், உள்ளாடை, டார்ச், மெழுகுவர்த்தி, சமையல் பாத்திரம், பள்ளிப் பிள்ளைகளின் புத்தகம் ஆகியவை புதியனவாக வரட்டும்.

ஒப்படைப்பதும் பின்தொடர்வதும்

பட்டியலை ஒப்படைக்குமுன் ஊர்ப் பொது இடத்தில் எல்லோரும் கேட்க வாசியுங்கள். விடுபட்ட பெயரை ஊராரே சொல்வார்கள். இருமுறை வந்த பெயரும் அங்கேயே தெரிந்துவிடும். இரகசியமாக எழுதிய பட்டியல் ஊருக்குள் சண்டையை மூட்டும். கடன், நோய் பற்றிய விவரங்களை மட்டும் வாசிக்காமல் விடுங்கள். பிறகு மூன்று படிகள் எடுத்து, ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஒன்றை வட்டாட்சியரிடமும் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கி, மூன்றாவதை ஊரில் வையுங்கள். மீன்வளத்துறை, வேளாண்மைத்துறை, பழங்குடியினர் நலத்துறை ஆகியவற்றுக்கு அவரவர் பகுதியைத் தனியே பிரித்துக் கொடுத்தால் கோப்பு விரைவில் நகரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். அரசின் பயனாளிகள் பட்டியல் வெளியானதும் ஊர்ப் படியோடு பெயர் பெயராக ஒப்பிட்டு, விடுபட்டவர்களுக்கு மட்டும் இரண்டாம் மனு எழுதுங்கள்.

ஆறு மாதம் கழித்து, அதே தாள்களோடு அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். அந்தப் பயணத்துக்கான நாளை முதல் தாளிலேயே குறித்துவைப்பது எங்கள் வழக்கம். உதவித்தொகை வங்கிக்கு வந்ததா, வந்த பணத்தைப் பழைய கடனுக்கு வங்கி பிடித்துக்கொண்டதா, வட்டிக்காரரிடமும் நுண்கடன் நிறுவனத்திடமும் புதிதாக எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டது, யார் திருப்பூருக்கோ சூளைக்கோ போனார்கள், படகு கடலில் இறங்கிவிட்டதா, நட்ட தென்னங்கன்று பிழைத்திருக்கிறதா என்று கேட்டு, முதல் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.